வாறதெண்டால் முந்தியே வாங்கோ

"உங்களுக்கு மத சுதந்திரம் இருக்குதோ எண்டு கேக்கிறா அப்பு," என்றேன்.

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த தூதரகப் பெண்ணைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். "மதமோ? அதுகள் எனக்கு விளங்காது பிள்ளை. எங்கட ஐயனுக்கு வருசத்தில ஒருக்காப் பொங்கோணும். பொங்க விடுறாங்களில்லை. அதைச் சொல்லு அவவுக்கு."

சொன்னேன். அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் முல்லைத்தீவுக்காரி. பத்து வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்புத்தான் தொழில். ஏ-9 வீதியால் வந்து மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டிப் போகும் வாகனங்களின் பின் இருக்கையில் எத்தனையோ தடவை இருந்திருக்கிறேன். காலையில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். பிறகு ஒரு சிவில் சமூகக் கூட்டம். மத்தியானச் சாப்பாடு. பின்னேரம் ஒரு கிராமம். இருட்ட முதல் யாழ்ப்பாணம் போய்விட வேண்டும். அந்த ஒரு பின்னேரத்துக்குள் ஒரு ஊர் தன் நாற்பது வருடக் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அப்பு சொன்ன பதில் அச்சொட்டான சட்டப் பதில் என்பது அன்றிரவு வீட்டுக்கு வந்து குறிப்புகளைத் தட்டச்சு செய்யும்போதுதான் எனக்கு உறைத்தது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம் 1966இல் எழுதப்பட்டது. இலங்கை 1980 ஜூன் 11இல் அதில் சேர்ந்தது. அதன் 18ஆம் உறுப்புரை நம்பிக்கையை மட்டும் காக்கவில்லை. வழிபாடு, அனுட்டானம், நடைமுறை, போதனை ஆகியவற்றைத் தனியாகவோ பலரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ வீட்டுக்குள்ளோ செய்யும் உரிமையையும் காக்கிறது. நாட்டில் அவசரகாலம் பிரகடனப்படுத்தினாலும் இந்த உறுப்புரையை இடைநிறுத்த முடியாது என்று 4ஆம் உறுப்புரை சொல்கிறது. மனதுக்குள் ஐயனாரை நினைத்துக்கொள்ள யாரும் தடை போடவில்லை. மூன்று கல் வைத்து, பாலை விறகு மூட்டி, ஊர் கூடிப் பொங்குவதைத்தான் தடுக்கிறார்கள். உரிமை இருப்பது அந்தப் பானையில்தான். அப்பு அதைத்தான் சொன்னார்.

முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்புவின் ஐயன் இருக்கும் மலை எது என்று கேட்கத் தோன்றும். அப்புவின் இடத்தைச் சொல்லப்போவதில்லை. அது இன்னும் பேப்பருக்கு வராத இடம், வராமலே தீர வேண்டும் என்பது என் ஆசை. பேப்பரில் வந்தவற்றை எல்லாருக்கும் தெரியும்.

செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் விகாரை அமைத்திருந்த பிக்கு 2019 செப்டெம்பரில் காலமானார். உடலை வேறிடத்தில் தகனம் செய்யும்படி முல்லைத்தீவு நீதிமன்றம் சொன்னது. கட்டளை வந்த அன்றே, செப்டெம்பர் 23இல், கோயில் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் தகனம் நடந்து முடிந்தது. வவுனியா வடக்கில் ஒலுமடுவுக்கு அருகே வெடுக்குநாறிமலை. 2023 மார்ச்சில் அங்கிருந்த ஆதிலிங்கேஸ்வரர் கோயில் விக்கிரகங்கள் உடைத்து எறியப்பட்டுக் கிடந்தன. அடுத்த வருடம் மார்ச் 8, சிவராத்திரி இரவில் பூசைக்குப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்துச் சென்றது. 19ஆம் திகதிதான் விடுவிக்கப்பட்டார்கள்.

முல்லைத்தீவுக் குருந்தூர்மலையின் கதை இன்னும் நீளம். 2018இல் புத்தர் சிலையோடு வந்தவர்களை ஊர்ச்சனம் மறித்தது. நீதிமன்றம் புதிய கட்டுமானம் கூடாது என்றது. 2021 ஜனவரியில் இராணுவம் நிற்க, அகழ்வாராய்ச்சி பெரும் எடுப்பில் தொடங்கியது. 2022 ஜூனில் மறுபடி சிலை வைக்கும் முயற்சி, மறுபடி போராட்டம். 2023 ஓகஸ்டில் நீதிமன்ற அனுமதியோடு ஒரு பொங்கல் நடந்தது. அந்த மாத முடிவில், தன் கட்டளையை மீறிக் கட்டுமானம் நடந்திருக்கிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செப்டெம்பர் இறுதியில் அந்த நீதிபதி, உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவியைத் துறந்து நாட்டை விட்டே போய்விட்டார்.

ஒரு விசயத்தை எங்கள் ஆட்களும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். குருந்தூர்மலையில் இருக்கும் செங்கல் பொய் இல்லை. அங்கே பழைய பௌத்த எச்சங்கள் உண்டு. தமிழரும் ஒரு காலத்தில் பௌத்தராக இருந்தார்கள். காஞ்சியும் நாகபட்டினமும் பௌத்தத்துக்குப் பேர்போன ஊர்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்லைத் தொல்லியலாளர் தோண்டிப் படிப்பது நல்ல காரியம். எங்கள் பல்கலைக்கழகத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. ஆனால் கல்லைப் படிப்பது வேறு, இன்று உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் பொங்கலை அந்தக் கல்லைக் காட்டி நிறுத்துவது வேறு. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் எல்லாருக்கும் மத உரிமை கொடுக்கின்றன. வன்னியில் ஒரு அதிகாரி இது தொல்லியல் இடம் என்று காட்டுக்குள் பலகை நடும்போது எந்த உறுப்புரை அவர் மனதில் இருக்கிறது என்று ஊர்ச்சனத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

கட்டளை போட்ட நீதிபதியே போன பிறகு சனம் எங்கே போகும்? அங்கேதான் ‘சர்வதேசம்’ வருகிறது. எங்கள் ஊர்களில் சர்வதேசம் என்பது ஒரு ஆளின் பெயர்போல. சர்வதேசம் வரும். சர்வதேசம் பாத்துக்கொண்டிருக்குது. சர்வதேசம் கைவிட்டிட்டுது. தேத்தண்ணிக் கடையிலும் சொல்வார்கள், செத்த வீட்டிலும் சொல்வார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இருக்கும் பாசமும் கோபமும் 2008இல் தொடங்கியது.

அப்போது எனக்கு 22 வயது. கிளிநொச்சியில் இருந்தோம். அந்த வருடம் ஜனவரி 16ஆம் திகதியே போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு பணியை முடித்துக்கொண்டது. 2002இல் ஐந்து நோர்டிக் நாடுகள் சேர்ந்து ஆயுதம் இல்லாமல் நடத்திய குழு அது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்களை வெளியேறும்படி புலிகள் கேட்க, நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவர்களால் போரை நிறுத்த முடியவில்லை, உண்மை. ஆனால் ஒரு முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல் இருந்தது.

செப்டெம்பரில் அரசாங்கம், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, வன்னியை விட்டு வெளியேறுங்கள் என்று ஐநாவுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அறிவித்தது. கேள்விப்பட்டதும் சனம் அலுவலக வாசல்களில் போய் இருந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தா. "உனக்கு இங்கிலிஸ் தெரியும்தானே, எழுது," என்றா. "என்னத்தை எழுத?" என்றேன். "போகாதேங்கோ எண்டு எழுது. வேற என்ன இருக்கு?"

எங்களை விட்டுப் போகாதீர்கள் என்பதை ஆங்கிலத்தில் எழுதினேன். அட்டையின் பின்பக்கத்து மடிப்பில் பேனை வழுக்கி ஒரு எழுத்து உடைந்தது. அதன் மேல் திரும்பத் திரும்பத் தடிப்பாக எழுதினேன். நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான். அக்கா அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் பின்னேரம் வரை நின்றா. உள்ளே இருந்தவர்களில் ஒரு பிள்ளை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள். அவள் மேல் எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. போ என்று மேலேயிருந்து வந்த சொல்லுக்கு அவள் என்ன செய்வாள்?

16ஆம் திகதி ஐநா வாகனங்கள் தெற்கே போயின. அதன் உள்ளூர்ப் பணியாளர்கள் பலரும் குடும்பங்களும் எங்களோடு உள்ளே நின்றுவிட்டார்கள். புலிகள் அவர்களுக்குப் பாஸ் கொடுக்கவில்லை. 2009 மே 18 வரை நடந்ததை நான் இங்கே எழுதவில்லை. இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக விசாரணைக் குழு, ஐநா கட்டமைப்பே தன் பொறுப்பில் தவறியது என்று எழுதியது. அடுத்த வருடம் பான் கீ மூன் மனித உரிமையை முன்னுக்கு வைக்கும் ஒரு திட்டத்தை ஐநாவுக்குள் தொடங்கினார். ஆபத்தின் முதல் அறிகுறியிலேயே பேச வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் திட்டம் எங்கள் சனத்தின் பிணங்களின் மேல் எழுதப்பட்டது. அதனால்தான் அது கடதாசியோடு நின்றுவிடக் கூடாது என்று நான் இவ்வளவு மினக்கெடுகிறேன்.

முதல் அறிகுறி என்றால் என்ன? வயல்காரரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். பக்கத்து வயல்காரன் இரவோடு இரவாக வரம்பை ஒரு சாண் தள்ளி வெட்டுகிறான். அன்று காலையிலேயே கமக்கார அமைப்புத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், கதைத்துத் தீர்த்து, வரம்பைத் திரும்பப் போட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வரலாம். நாலு போகம் விட்டால் கத்தி தூக்கத்தான் வரும். மத விசயமும் இப்படித்தான். காட்டுக்குள் நடப்படும் ஒரு எல்லைக்கல், இரவில் காணாமல் போகும் ஒரு சூலம், ஒலிபெருக்கியைப் பற்றிய ஒரு முறைப்பாடு.

இதை ஜெனீவாவும் அறியாமல் இல்லை. அங்கிருக்கும் ஐநா மனித உரிமைகள் பேரவை 2011 மார்ச்சில் 16/18 என்ற தீர்மானத்தை வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்றியது. அதற்கு முன் பல வருடம் முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு ‘மத அவமதிப்பு’ என்று தீர்மானம் கொண்டுவரும், மேற்கு நாடுகள் எதிர்க்கும். 16/18இல் இரண்டு பக்கமும் இறங்கி வந்து, மதத்தைக் காப்பதற்குப் பதிலாக மனிதரைக் காப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: மதக் குழுக்களுக்கிடையில் முறுகல் வரக்கூடிய இடங்களை அரசுக்குள்ளேயே ஒரு பொறிமுறை முன்கூட்டிக் கண்டறிய வேண்டும், மோதல் தடுப்புக்கும் மத்தியஸ்தத்துக்கும் அது உதவ வேண்டும். வேலை செய்யும்போது இந்த வரியை எத்தனையோ தடவை மொழிபெயர்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வயல் வரம்புதான் கண்ணுக்குள் வரும்.

சர்வதேசம் சேர்ந்து நின்றால் காரியம் நடக்கும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1990இல் போர் மறுபடி வெடித்தபோது மடு மாதா கோயில் வளவில் ஐநா அகதிகள் அமைப்பு நிவாரண நிலையம் நடத்தியது. சைவக்காரரும் வேதக்காரரும் ஆயிரக்கணக்கில் அந்த மரங்களின் கீழ் படுத்தெழும்பினார்கள். கோயிலின் பெயரும் ஐநாவின் கொடியும் சேர்ந்து எத்தனையோ உயிரைக் காத்தன. 1999 நவம்பர் 20 இரவு செல் விழுந்து அங்கே ஏறக்குறைய 40 பேர் செத்ததையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் காவலும் முழுக் காவல் இல்லை. என்றாலும் அந்தப் பத்து வருடம் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று எங்களோடு இருக்கிறார்கள்.

இன்னொன்று இரணைதீவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியிலேயே பலர் இதைப் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கொரோனா தொடங்கியதும், 2020 ஏப்ரல் முதல், அந்த நோயால் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை சட்டம் போட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் சனம் ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, அடக்கக் கேட்டு அழுதது. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பு பொரளைத் தகனசாலை வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. ஐநாவின் விசேட அறிக்கையாளர்கள் கடிதம் எழுதினார்கள், பகிரங்கமாகவும் பேசினார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பேசியது. 2021 பெப்ரவரியில் ஜெனீவாக் கூட்டத்தொடர் தொடங்கியது. அதே கிழமை பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 25ஆம் திகதி புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. அழுத்தம் கொடுத்த எல்லா நாடும் தன் வீட்டில் மத சுதந்திரத்தைக் காக்கும் நாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பல பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கேட்டதால் கதவு திறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரித்தது எரித்ததுதான், அந்தத் தாய்க்கு மன்னிப்பை வைத்து என்ன செய்வது?

கதவு திறந்ததும் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 2ஆம் திகதி, புதைக்கும் இடம் இரணைதீவு என்று அறிவித்தார்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கடலில் இருக்கும் தீவு. கத்தோலிக்க மீனவச் சனம் 1992இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து, முழங்காவில் பக்கம் இரணைமாதாநகரில் இருந்துகொண்டு, கடற்படையின் கையிலிருந்த தங்கள் தீவைக் கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் ஏறி, வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு போய்க் கரையேறினார்கள். போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகவில்லை. அந்தத் தீவைத்தான், ஊர்ச்சனத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல், முஸ்லிம் ஜனாஸாக்களுக்கு என்று காட்டினார்கள்.

காயப்பட்ட இரண்டு சனத்தை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட இதைவிட நல்ல வழி இருக்குமா என்று தெரியவில்லை. அன்று நான் பயந்தேன். இரணைமாதாநகரில் போராட்டம் தொடங்கியதும் என் தொலைபேசிக்கு வந்த செய்திகள் சில வாசிக்கக் கூசுபவை. ஆனால் அங்கே பங்குத்தந்தையரும் மீனவர்களும் தெளிவாகப் பேசினார்கள்: புதைக்கிற உரிமை முஸ்லிம் சகோதரருக்கு உண்டு, அதை அவர்கள் தங்கள் ஊர்களில் அனுபவிக்க விடுங்கள். முஸ்லிம் தலைவர்களும் அந்தத் தீவைத் தெரிவு செய்ததை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் தூண்டிலைக் கடிக்கவில்லை. மார்ச் 5இல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நடக்காத சண்டையை யாரும் செய்தியாகப் போடமாட்டார்கள். அதனால்தான் நான் போடுகிறேன்.

முஸ்லிம் சனத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு 1990ஐச் சொல்லாமல் போனால் நான் பொய்க்காரி. அந்த ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, எங்கள் முல்லைத்தீவும்தான். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். எனக்கு அப்போது நாலு வயது. எங்கள் அம்மம்மாவின் சிநேகிதி ஒருத்தர் தண்ணீரூற்றுப் பக்கம் இருந்தவ. போகிற அன்று காலையில் ஒரு மறி ஆட்டைக் கொண்டுவந்து எங்கள் வேலியில் கட்டினா. "தவிடு வையுங்கோ, வெறும் புல்லுச் சாப்பிடாது, செல்லம் குடுத்து வளத்தது," என்று சொன்னதாக அம்மம்மா கடைசிவரை சொல்வா. அம்மம்மா அதை விற்கவும் இல்லை, வெட்டக் கொடுக்கவும் இல்லை. அது குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, ஒவ்வொரு இடம்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 2009இல் ஒன்றும் மிஞ்சவில்லை.

சில வருடத்துக்கு முன், மீள்குடியேறியவர்களின் கூட்டம் ஒன்றில் மொழிபெயர்க்கப் போனேன். கூட்டம் முடிந்து, புத்தளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவ அந்தச் சிநேகிதியின் மகள் என்று தெரிந்தது. அவ காணியைப் பற்றிக் கேட்கவில்லை, கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்கட ராணி என்ன ஆனாள்?" என்று கேட்டா. ஆட்டுக்குப் பெயர் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று எந்த ஊரிலும் யாரும் குறுக்கே நிற்கவில்லை என்று சொல்லமாட்டேன், முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். முணுமுணுப்பு போதவில்லை. எங்கள் மலையில் பொங்க விடு என்று நான் ஜெனீவாவைக் கேட்கும்போது, 30 வருடம் கழித்துத் திரும்பிய சனத்தின் பள்ளிவாசலுக்கும் அதே குரலில் கேட்க வேண்டும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னார்த் திருக்கேதீச்சர வீதியில் கோயில் வளைவைப் பிடுங்கியதும் நந்திக்கொடியை மிதித்ததும் தமிழர்தான். அங்கே விகாரையும் இல்லை, இராணுவமும் இல்லை. சைவரும் கத்தோலிக்கரும், ஒரே மொழி, ஒரே சந்தை, ஒரே பஸ்.

அந்த 2019ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்கிறேன். ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகளில் 250க்கு மேல் சனம் இறந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் மத சுதந்திரத்துக்கான ஐநா விசேட அறிக்கையாளர் அஹமட் ஷஹீட் இலங்கைக்கு வந்து பத்து நாளுக்கு மேல் நின்று எல்லாத் தரப்பையும் கேட்டார். அவர் போய் ஒரு மாதம் ஆக முன்பே நீராவியடித் தீர்த்தக்கேணியில் சிதை எரிந்தது. அறிக்கையாளர் வந்ததில் பிழை இல்லை. அவர் போன பிறகு அந்த வாசலில் யார் நின்றார்கள் என்பதுதான் கேள்வி.

தூதரகத்து ஆட்கள் சில வேளை வாகனத்தில் என்னையே கேட்பார்கள், நாங்கள் என்ன செய்தால் நல்லது என்று. மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்லியிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகைக்கு 27 சர்வதேச சமவாயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். மேலே சொன்ன 1966ஆம் ஆண்டுச் சமவாயமும் அதில் ஒன்று. 2010இல் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திருப்பித் தந்தார்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் பஸ் ஏறிப் போகும் எங்கள் பிள்ளைகளின் சம்பளமும் அதில்தான் தொங்குகிறது. அதனால் அதை நிறுத்துங்கள் என்று கேட்க என் வாய் வராது. சலுகையைக் கண்காணிக்க வரும் குழு கொழும்பு ஹோட்டலோடு நிற்காமல் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு வந்து ஒரு தவணை நாள் முழுக்கப் பின் வாங்கில் இருந்துவிட்டுப் போகட்டும். பேச வேண்டியதில்லை. வரம்பு வெட்டுகிறவனுக்கு அது போதும்.

காசு கொடுப்பதென்றால் சின்னதாக, நீண்டகாலத்துக்குக் கொடுக்கட்டும். நான் மொழிபெயர்க்கப் போகும் ஒரு சர்வமதக் குழு இருந்தது. ஐயர், ஃபாதர், மௌலவி, அயல் விகாரையிலிருந்து ஒரு ஹாமதுரு, இரண்டு ஆசிரியைகள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசலில் பாங்கும் முட்டியபோது, மௌலவி தொழுகை நேரங்களைக் கையால் எழுதிக் கொடுத்தார், பரிபாலன சபைத் தலைவர் அதை மின்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்த அஞ்சு நேரமும் பெட்டிகளை நிறுத்தினார்கள். செலவு தேத்தண்ணியும் பணிசும், மண்டப வாடகையும். 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவி வெட்டப்பட்டபோது அந்தக் குழுவும் நின்றது. அதன் பிறகு வந்த ஒரு சுடலைப் பாதைத் தகராறு, முந்தி என்றால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும், மூன்று மாதம் இழுபட்டுப் பொலிஸ் வரை போனது. ஹாமதுரு இன்னும் சில வேளை எனக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று சிங்களத்தில் கேட்பார்.

சரி, அப்புவிடம் வருகிறேன்.

அந்தத் தூதரகப் பெண் போய் அஞ்சு மாதம் கழித்து, அப்புவின் ஊரார் பொங்கலுக்கு நாள் வைத்தார்கள். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், வருவார் என்று நினைத்து அனுப்பவில்லை. வந்தார். விடியக் காலையில், ஒரு சாரதியோடு, காட்டுப் பாதையில் வாகனம் போகாத இடத்தில் இறங்கி நடந்து வந்தார். இரண்டு அதிகாரிகள் முன்னமே வந்து நின்றார்கள். ஒருவர் பெயர் எழுத ஒரு கொப்பி வைத்திருந்தார். தூதரகப் பெண்ணைக் கண்டதும் கொப்பியை மூடிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பாலை மரத்தின் கீழ் கல்லுக்கு எண்ணெய் வைத்து, பட்டுச் சாத்தினார்கள். அடுப்பை நிலத்தில் மூட்டக் கூடாது என்ற சொல் முன்னமே வந்திருந்ததால் தகரம் விரித்து, மணல் கொட்டி, அதன் மேல் கல் வைத்திருந்தார்கள். பானை ஏறியது. அரிசி போடும் நேரம் வந்ததும் அப்பு சுளகை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் தயங்கி என்னைப் பார்த்து, தான் வேறு மதம், தொடலாமா என்று கேட்டார். நான் அப்புவிடம் கேட்டேன். "கை கழுவினவவோ எண்டு கேள்," என்றார் அப்பு. செம்பில் தண்ணீர் வார்த்தேன். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வாழையிலைத் துண்டில் புக்கையும் பழமும் வந்தது. கொப்பி வைத்திருந்தவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

வெயில் ஏற வாகனத்துக்குத் திரும்பி நடந்தோம். அப்பு பாதி தூரம் கூட வந்தார். "அடுத்த வருசமும் வருவாவோ எண்டு கேள் பிள்ளை," என்றார்.

கேட்டேன். அந்தப் பெண் நின்றார். தன் பணிக்காலம் வரும் ஜூனில் முடிகிறது, வேறு நாட்டுக்குப் போகிறேன் என்றார். அதை அப்படியே அப்புவுக்குச் சொன்னேன்.

அப்பு கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, கையிலிருந்த தடியால் இடப்பக்கத்தைக் காட்டினார்.

"அப்ப, அவவுக்குப் பிறகு வாற ஆளுக்கு வழியைச் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லு. இந்த இடத்தில சோத்துப்பக்கம் திரும்பினால் ஆத்துக்கைதான் போய் விழுவினம்."